ஒப்பரேசனுக்குப் பிறகு சிறுநீர் கசிவு: கரண்ட் வைத்தியம் எதற்கு, எவ்வளவுக்கு?



கர்ப்பிணித் தாய்மாரின் போசாக்கு, பிள்ளைகளின் தடுப்பூசி, பீலிக்கரைச் சுத்தம் என்று பல விடயங்களை நாம் பேசிப் பழகிவிட்டோம். ஆண்களுக்கு, அதுவும் வயது போன ஆண்களுக்கு, இடுப்புக்குக் கீழே வருகிற வருத்தங்களைப் பற்றி மட்டும் லயத்திலும் பேச்சில்லை, டிஸ்பென்சரியிலும் பேச்சில்லை. இந்த முறை பாடத்துக்கு அதில் ஒன்றை எடுத்துக்கொள்கிறோம். புரஸ்டேட் ஒப்பரேசன் செய்துகொண்டு வீட்டுக்கு வந்தவருக்குத் தன்னை அறியாமல் சிறுநீர் கசிகிறது. அதற்குக் கரண்ட் வைத்தியம் இருக்கிறதாம் என்று டவுனில் கேள்விப்பட்டு வந்து நம்மிடம் விசாரிக்கிறார்கள். சிலர் பயத்தோடு கேட்கிறார்கள்: "கரண்ட் வச்சா உசிருக்கு ஆபத்து இல்லையாங்க ஐயா?" வேறு சிலர், அதை வைத்தால் ஒரு கிழமையில் சுகமாகிவிடும் என்ற நம்பிக்கையில் கேட்கிறார்கள். இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இளம் பிள்ளைகளும் வாசிக்கிறார்களே என்று நாம் எதையும் மூடி மறைத்து எழுதப் போவதில்லை. தாத்தாவின் சாரத்தைத் துவைத்துப் போடுவது அந்தப் பிள்ளைகள்தானே.

முதலில் புரஸ்டேட் என்றால் என்னவென்று பார்ப்போம். அது ஆண்களுக்கு மட்டும் உள்ள ஒரு சுரப்பி. சிறுநீர்ப்பையின் வாய்க்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி மோதிரம் போட்ட மாதிரி இருக்கிறது. வாலிப வயதில் பெரிய கொட்டைப்பாக்கு அளவு, நிறை சுமார் 20 கிராம். விந்தோடு சேருகிற நீரில் ஒரு பகுதியைச் சுரப்பது அதன் வேலை. வயது 40ஐத் தாண்டிய பிறகு பலருக்கு அது மெல்ல மெல்லப் பருக்கும். பருத்தால் நடுவில் போகிற குழாயை நெரிக்கும். சிறுநீர் மெலிசாக, விட்டு விட்டு வரும். ராத்திரியில் நாலு தரம் எழும்ப வேண்டிவரும். இது புற்றுநோய் அல்ல. ஆனால் சிலருக்கு அதே சுரப்பியில் புற்றுநோயும் வருவதுண்டு. இரண்டும் வேறு வேறு வருத்தம், ஒப்பரேசனும் வேறு வேறு.

சாதாரணமாகப் பருத்ததற்குச் செய்வது பெரும்பாலும் வயிற்றைக் கிழிக்காத ஒப்பரேசன். சிறுநீர்த் துவாரம் வழியாகவே கருவியை விட்டு, நெரிக்கிற சதையை உள்ளிருந்து சுரண்டி எடுப்பார்கள். புற்றுநோய் என்றால், பொருத்தமான ஆட்களுக்குச் சுரப்பியையே முழுவதாக எடுத்துவிட்டு, சிறுநீர்ப்பையின் வாயையும் குழாயையும் மறுபடி பொருத்தித் தைப்பார்கள். நீங்கள் கேட்கிற கசிவு அதிகம் வருவது இந்த இரண்டாவது வகைக்குப் பிறகுதான்.

ஏன் கசிகிறது? தோட்டத்துத் தண்ணீர்த் தாங்கியை நினைத்துப் பாருங்கள். தாங்கியின் அடியில் ஒரு வால்வு, கொஞ்சம் கீழே குழாயில் இன்னொரு வால்வு என்று வைத்துக்கொள்வோம். மேல் வால்வு தன்பாட்டில் மூடியிருக்கும், நம் சொல்லைக் கேட்காது. கீழ் வால்வு நம் சொல் கேட்கும். அவசரம் வந்தாலும் கக்கூசுக்குப் போகும்வரை இறுக்கிப் பிடிக்கிறோமே, அது இந்தக் கீழ் வால்வின் வேலை. மேல் வால்வு புரஸ்டேட்டோடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. ஆகவே சுரப்பியை எடுக்கும்போது அதன் வேலையும் போய்விடுகிறது. இரண்டு பேர் பார்த்த காவலை அதற்குப் பிறகு ஒருவர் தனியாகப் பார்க்க வேண்டும். அந்த ஒருவரும் ஒப்பரேசனில் அடிபட்டுக் களைத்துப் போயிருப்பார். பக்கத்தில் ஓடுகிற நரம்புகளும் நசிந்திருக்கலாம். அவர் தேறி வருகிற வரைக்கும் கசிவு இருக்கும்.

சுரண்டி எடுக்கிற ஒப்பரேசனில் கீழ் வால்வைத் தொடாமல் விடுவார்கள். அதனால் நிரந்தரமாகக் கசிகிறவர்கள் மிகக் குறைவு. ஆனாலும் முதல் சில கிழமைகள் அவசரம் தாங்காமல் வழியில் போய்விடுவதுண்டு. அடைப்போடு வருடக்கணக்காக மல்லுக்கட்டிய சிறுநீர்ப்பை, அடைப்பு எடுபட்ட பிறகும் பழைய பழக்கத்தில் முறுக்கிக்கொண்டே இருப்பதுதான் காரணம். பெரும்பாலும் அது இரண்டு மூன்று மாதத்தில் அடங்கிவிடும்.

ஆகவே கசிவிலும் வகை இருக்கிறது. இருமும்போது, தும்மும்போது, உட்கார்ந்து எழும்பும்போது, உர மூடையைத் தூக்கும்போது போவது ஒரு வகை. வால்வு பலவீனம் என்று அர்த்தம். திடீரென்று அவசரம் வந்து, கக்கூஸ் கதவைப் பிடிப்பதற்குள் போய்விடுவது இன்னொரு வகை. அங்கே சிறுநீர்ப்பைதான் அடங்காமல் நிற்கிறது. மூன்றாவது ஒன்றும் உண்டு. ஒண்ணுக்குச் சரியாகப் போகாமல் உள்ளே தேங்கி, நிரம்பி வழிந்து சொட்டுவது. பார்த்தால் கசிவு மாதிரித்தான் இருக்கும். உண்மையில் அது அடைப்பு. இதற்குப் பயிற்சியும் உதவாது, கரண்டும் உதவாது, ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். எந்த வகை என்று தெரியாமல் எந்த மெஷினையும் வாங்கக் கூடாது என்று நாம் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம்.

இந்தக் கசிவு எத்தனை பேருக்கு வருகிறது? பிரித்தானியாவில் சுரப்பியை முழுவதாக எடுத்து 6 கிழமை ஆகியும் கசிவு இருந்த 411 ஆண்களைக் கவனித்து 2011ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒப்பரேசன் முடிந்து ஒரு வருடத்துக்குப் பிறகும் நாலு பேரில் மூன்று பேர், ஏதோ ஓர் அளவு கசிவு இருக்கிறது என்று சொன்னார்கள். இரண்டொரு சொட்டுப் போகிறவர்களையும் சேர்த்த கணக்கு இது. அதனால் பயப்பட வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு முதல் 6 மாதத்திலிருந்து 12 மாதத்துக்குள் நன்றாகக் குறைந்துவிடுகிறது. நாம் இந்தக் கணக்கைச் சொல்வது, தனக்கு மட்டும்தான் இப்படி ஆகிவிட்டது என்று சாக்கை விரித்துக்கொண்டு இஸ்தோப்பில் தனியாகப் படுக்கிற பெரியவருக்காக.

அப்படிப் படுக்கிறவர்கள் இருக்கிறார்கள். மணம் வருமென்று கோயிலுக்குப் போவதை நிறுத்தினவர்கள், சாவு வீட்டுக்குப் போய் உட்காராமல் வாசலோடு திரும்புகிறவர்கள், பஸ்ஸில் ஏறப் பயந்து கிளினிக் தவணையையே விட்டவர்கள், எல்லாரையும் நாம் பார்த்திருக்கிறோம். ஒரு காம்பிராவில் ஆறு பேர் படுக்கிற வீட்டில் ஒரு துணியை மாற்றிக்கொள்ள மறைவு ஏது? வேலையில் இருக்கிறவர் என்றால் இன்னும் கஷ்டம். கவ்வாத்து மலையில், கான் வெட்டுகிற இடத்தில், குனிந்து நிமிர்கிற ஒவ்வொரு முறையும் நனைகிறது. மழை நாளில் தெரியாது, வெயில் நாளில் தெரிந்துவிடும். அதற்காகவே பெரட்டுக்குப் போகாமல் பேரை விட்டவர்கள் உண்டு. காரணம் கேட்டால் "மூட்டு வலிங்க" என்பார்கள்.

இனி வைத்தியத்துக்கு வருவோம். கரண்டுக்கு முன்னால் பயிற்சியைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கரண்ட் செய்கிற வேலையும் அதே சதையைப் பழக்குகிற வேலைதான். அமெரிக்காவில் ஆர்னல்ட் கேகல் என்ற பெண்நோயியல் வைத்தியர் 1948ஆம் ஆண்டு, பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு சிறுநீர் கசிகிற தாய்மாருக்காக இடுப்படிச் சதைப் பயிற்சியை எழுதி வைத்தார். அதே பயிற்சி ஆண்களுக்கும் பொருந்துகிறது. நம் இடுப்பெலும்பின் அடியில் தொட்டில் கட்டினது போல ஒரு சதைத் தளம் இருக்கிறது. கீழ் வால்வுக்குத் துணை நிற்பது அதுதான்.

அந்தச் சதையைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். சபையில் இருக்கும்போது காற்றுப் பிரியப் பார்க்கிறது, அதை அடக்குகிறோம். அப்போது பின்பக்கம் உள்ளே சுருங்குகிறதே, அந்தச் சதை. சரியாகச் சுருக்கினால் ஆண்குறியின் அடி இலேசாக உள்ளே இழுபடும், விதைகள் கொஞ்சம் மேலே எழும்பும். வயிற்றை எக்கக் கூடாது, தொடையை நெரிக்கக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. படுத்துக்கொண்டு முழங்காலை மடக்கி ஆரம்பியுங்கள். சுருக்கி, முதலில் 2, 3 செக்கன் பிடித்து, அதே அளவு நேரம் முழுவதாகத் தளர விடுங்கள். பழகப் பழக 10 செக்கன் வரை கூட்டலாம். ஒரு தடவைக்கு 10இலிருந்து 15 முறை, ஒரு நாளைக்கு மூன்று தடவை. ஒரு மாதம் போன பிறகு உட்கார்ந்தும் நின்றும் செய்ய வேண்டும், ஏனென்றால் கசிவது நிற்கும்போதுதான். தளர விடுவதும் பயிற்சியில் பாதி. அதை விட்டுவிட்டு நாள் முழுக்க இறுக்கிக்கொண்டே திரிந்தால் சதை களைத்து அந்தி நேரத்தில் கூடக் கசியும்.

இன்னொரு பழக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள். இருமல் வருகிறது என்றால் இருமுவதற்கு முன்னால் சுருக்குங்கள். எழும்புவதற்கு முன்னால் சுருக்குங்கள். தண்ணீர் வாளியைத் தூக்க முன்னால் சுருக்குங்கள். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியைத் தள்ளுவது போல இது. சிறுநீர் போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்திப் பார்க்கிறதைத் தினசரிப் பயிற்சியாகச் செய்ய வேண்டாம். சிறுநீர்ப்பை முழுவதாகக் காலியாவதை அது கெடுக்கும். ஒப்பரேசன் முடிந்து ரப்பர் குழாய் போட்டிருக்கிற நாட்களிலும் பயிற்சி வேண்டாம். குழாயை எடுத்த பிறகு, வைத்தியர் சரி என்று சொன்னதும் தொடங்கலாம்.

சரி, கரண்ட் என்ன செய்கிறது? நம் உடம்பில் சதையைச் சுருங்கச் சொல்லிக் கட்டளை போவதே நரம்பு வழியாக ஓடுகிற மிகச் சிறிய மின்சாரத்தால்தான். மூளையிலிருந்து வருகிற கட்டளை பலவீனமாக இருந்தால், வெளியிலிருந்து ஒரு சிறிய மின்துடிப்பைக் கொடுத்து அதே நரம்பைத் தட்டி எழுப்பலாம். நரம்பு விழித்தால் சதை சுருங்கும். இதற்கு மின்தூண்டல் என்று பெயர். 1963ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் கோல்ட்வெல் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர், இயற்கை உபாதையை அடக்க முடியாதவர்களுக்கு உடம்புக்குள்ளேயே மின்கருவியைப் பொருத்திப் பார்த்து எழுதினார். பிறகு உள்ளே பொருத்தாமல் வெளியிலிருந்தே கொடுக்கிற கருவிகள் வந்தன.

இன்றைக்குள்ள கருவி ஒரு சின்ன ரேடியோ அளவுதான். பல கருவிகள் பெட்டரியில் ஓடுகின்றன. சுவரில் உள்ள பிளக்கில் வருகிற 230 வோல்ட் நேராக உடம்புக்குப் போவதில்லை. கருவியிலிருந்து வருகிற வயரின் நுனியில் விரல் பருமனில் ஒரு பிளாஸ்டிக் குச்சி இருக்கும், அதில் உலோக வளையங்கள் இருக்கும். வழுவழுப்பான களிம்பு தடவி ஆசனவாய்க்குள் வைப்பார்கள். அதற்குப் பதிலாக விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையில் ஒட்டுகிற தகடுகளும் உண்டு. கேட்கவே கூச்சமாக இருக்கிறது என்பீர்கள். எங்களுக்கும் எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைத் தெரியாமல் போய்ப் படுத்துவிட்டு, அந்தக் குச்சியைப் பார்த்ததும் எழும்பி ஓடி வந்தவர்களும் இருக்கிறார்கள். குச்சி ஒவ்வொருவருக்கும் தனித்தனியானது. ஒருவருடையதை இன்னொருவருக்குப் போடக் கூடாது, புதியதா என்று தாராளமாகக் கேட்கலாம்.

கரண்டை மெல்ல மெல்லக் கூட்டுவார்கள். முதலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். பிறகு சதை தானாக உள்ளே இழுபடுவது தெரியும். வலிக்கக் கூடாது. வலித்தால் உடனே சொல்லுங்கள், குறைப்பார்கள். "கூடக் கூட்டினா சீக்கிரம் சுகம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பதில் ஒரு பிரயோசனமும் இல்லை. இருமும்போது கசிகிற வகைக்குச் செக்கனுக்கு 50 துடிப்பு அளவிலும், அவசரம் தாங்காத வகைக்குச் செக்கனுக்கு 10 துடிப்பு அளவிலும் வைப்பது பொதுவான வழக்கம். வேகத் துடிப்பு சதையைப் பிடித்துச் சுருக்கும், மெதுவான துடிப்பு சிறுநீர்ப்பையை அமைதிப்படுத்தும். ஒரு தடவைக்கு 15இலிருந்து 30 நிமிடம். வாரத்தில் ஒன்றிரண்டு நாளோ, அதற்கு மேலோ, இரண்டு மூன்று மாதம் தொடர வேண்டியிருக்கும். ஒரே நாளில் வைத்து முடிக்கிற வேலை இல்லை. அவசர வகைக்குக் கணுக்கால் பக்கமாக ஓடுகிற ஒரு நரம்பில் கரண்ட் கொடுக்கிற முறையும் உண்டு. வாரத்துக்கு ஒரு தரம் 30 நிமிடம் என்று 12 கிழமை செய்வார்கள்.

கரண்ட் என்றதும் மனநோய்க்குத் தலையில் வைக்கிற கரண்டை நினைத்துப் பயப்படுகிறார்கள். அது வேறு, இது வேறு. இதில் மயக்கம் இல்லை, படுத்துக்கொண்டே பேசலாம்.

இப்போது முக்கியமான கேள்வி. இது எவ்வளவுக்குச் சுகம் தரும்? அமெரிக்காவில் 2011இல் வெளியான ஓர் ஆய்வை நாம் விளக்கமாகச் சொல்ல விரும்புகிறோம், ஏனென்றால் காசு செலவழிக்க முன்னால் ஒவ்வொரு குடும்பமும் அறிய வேண்டிய கணக்கு அதில் இருக்கிறது. புற்றுநோய்க்காகச் சுரப்பியை எடுத்து ஒரு வருடம் முதல் 17 வருடம் வரை ஆகியும் கசிவு நிற்காத 208 ஆண்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு 8 கிழமை சதைப் பயிற்சியும், தண்ணீர் குடிக்கிற ஒழுங்கும், அவசரத்தை அடக்குகிற பழக்கமும் சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டாவது குழுவுக்கு அதே எல்லாமும் கொடுத்து, கூடவே வீட்டில் தினமும் வைக்கக் கரண்ட் மெஷினும், சதை சுருங்குவதைத் திரையில் காட்டுகிற கருவியும் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு அந்த 8 கிழமையும் ஒன்றும் கொடுக்கவில்லை.

முதல் குழுவில் வாரத்துக்கு 28 தரம் கசிந்தது 13 தரமாகக் குறைந்தது. மெஷின் கொடுத்த குழுவில் 26 தரம் 12 ஆனது. ஒன்றும் கொடுக்காத குழுவில் 25 தரம் 21 ஆனது. நன்றாகக் கவனியுங்கள். பயிற்சி மட்டும் செய்தவர்களும் மெஷினோடு செய்தவர்களும் ஏறக்குறைய ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். இரண்டு குழுவிலும் ஆறு ஏழு பேரில் ஒருவருக்குக் கசிவு முற்றாக நின்றது. வேறு ஆய்வுகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2013இல் வெளியிட்ட கணக்கிலும், பயிற்சியோடு கரண்டைச் சேர்த்தால் ஆரம்ப மாதங்களில் ஓரளவு கூடுதல் பலன் இருக்கலாம், 6 மாதம் கழிந்தால் அந்த வித்தியாசம் தெரியவில்லை என்றுதான் வந்தது. முன்னர் சொன்ன பிரித்தானிய ஆய்வில் இன்னொரு விடயமும் வெளிவந்தது. தனியே கூப்பிட்டு மூன்று மாதத்தில் நாலு தரம் பயிற்சி சொல்லிக் கொடுத்தவர்களுக்கும், வழமையான ஆலோசனை மட்டும் பெற்றவர்களுக்கும் ஒரு வருட முடிவில் வித்தியாசம் இல்லை. ஒப்பரேசன் முடிந்த புதிதில் உடம்பு தன்பாட்டில் தேறுவதும் பெரிய பங்கு என்பதை இது காட்டுகிறது.

அப்படியென்றால் கரண்ட் வைத்தியம் வீணா என்று கேட்பீர்கள். வீண் என்று நாம் சொல்லவில்லை. அந்தச் சதை எங்கே இருக்கிறது என்றே பிடிபடாத சிலர் இருக்கிறார்கள். சுருக்கச் சொன்னால் வயிற்றைச் சுருக்குவார்கள், அல்லது முக்குவார்கள். அப்படிப்பட்டவருக்குச் சில தடவை கரண்ட் வைத்தால் "ஓ, இதுதானா அந்த எடம்" என்று உடம்புக்குப் புரிந்துவிடும். அதற்குப் பிறகு அவரே சுருக்கிப் பழகலாம். இயன்மருத்துவர் பார்த்து, இவருக்குத் தேவை என்று சொன்னால் கூச்சப்படாமல் போய்ச் செய்துகொள்ளுங்கள். ஆனால் நரம்பு முற்றாக அறுந்த இடத்தில் கரண்டாலும் ஆவது குறைவு. மெஷின் வந்துவிட்டது, இனிப் பயிற்சி வேண்டாம் என்று இருந்தாலும் பலன் நிற்காது.

ஒரு குடும்பத்துக்கு நடந்ததைச் சொல்கிறோம். ஒப்பரேசன் முடிந்து இரண்டே மாதம். பெரியவருக்குக் கசிவு. டவுனில் ஓர் இடத்தில் "கரண்ட் மெஷின் வச்சா நின்றும்" என்று சொல்லியிருக்கிறார்கள். பெரியவரின் சேமலாபப் பணத்தில் மிச்சமிருந்ததும் போதாமல் மருமகளின் தோட்டையும் அடகு வைத்து வாங்கி வந்துவிட்டார்கள். நாங்கள் போய்ப் பார்த்தபோது அது முழங்கால் வலிக்கும் முதுகு வலிக்கும் தோலில் ஒட்டுகிற மெஷின். தகட்டை அடிவயிற்றில் ஒட்டச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அடிவயிற்றில் ஒட்டினால் அடிவயிறுதான் துடிக்கும், வால்வுக்கு என்ன வரும்? அந்த மருமகளுக்குத்தான் முதலில் கோபம் வந்தது, அதுவும் பெரியவர் மேல். "இவருக்காக வித்தோம்" என்று. அவரோ அதன் பிறகு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். கடைசியில் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய், இயன்மருத்துவப் பிரிவில் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு சதமும் கேட்கவில்லை, அரசாங்க ஆஸ்பத்திரி அல்லவா. ஏழாவது மாதத்தில் அவர் பகலில் துணி வைக்காமல் நடமாடினார். இருமும்போது இன்னும் கொஞ்சம் போகிறது. தோடு இன்னும் மீளவில்லை.

கரண்ட் வைக்கவே கூடாதவர்களும் இருக்கிறார்கள். நெஞ்சில் பேஸ்மேக்கர் போன்ற மின்கருவி பொருத்தியவர், சிறுநீரில் கிருமித் தொற்று உள்ளவர், ரப்பர் குழாய் இன்னும் எடுக்காதவர், மூலத்தில் இரத்தம் போகிறவர், வலிப்பு வருத்தக்காரர், இடுப்பில் உலோகம் வைத்தவர், புற்றுநோய் இன்னும் மிச்சமிருக்கலாம் என்று சந்தேகப்படுகிறவர், இவர்கள் எல்லாரும் வைத்தியரைக் கேட்காமல் கிட்டவே போகக் கூடாது. ஒப்பரேசன் செய்த இடம் ஆற முன்னாலும் கூடாது. கையில் கிடைத்த வயரையும் பெட்டரியையும் வைத்து வீட்டில் தாமாகச் செய்து பார்க்கிற வேலை உயிருக்கே உலை வைக்கும்.

வீட்டில் செய்யக் கூடியவை பல. தண்ணீரைக் குறைத்தால் கசிவு குறையும் என்று நினைப்பது தவறு. குறைத்தால் சிறுநீர் கடுமையாகி, எரிவும் அவசரமும் கூடும். வைத்தியர் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் நாளைக்கு 6, 8 கிளாஸ் குடிக்க வேண்டும், அதைப் பகலிலேயே முடித்துவிட்டு அந்திக்கு மேல் குறைக்கலாம். நாம் சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் சாயத்தண்ணிதான் இங்கே எதிரி. கடும் சாயத்தில் உள்ள கஃபீன் சிறுநீர்ப்பையைக் கிளறிவிடும். தேயிலை நாட்டில் தேத்தண்ணியை விடச் சொல்ல நமக்கும் மனமில்லை. காலையில் ஒன்று குடியுங்கள், சாயத்தைக் குறைத்து. ராத்திரி வேண்டாம். சாராயமும் அப்படித்தான். பீடி இருமலைக் கூட்டும், ஒவ்வொரு இருமலுக்கும் கசியும். மலச்சிக்கல் இருந்தால் முக்குகிற முக்கில் சதை தளரும். கீரையும் பழமும் சாப்பிடுங்கள். முதல் 6 கிழமைக்கு உர மூடை, விறகுக் கட்டு எதுவும் தூக்கக் கூடாது. வேலைக்குத் திரும்ப முன்னர் இலேசான வேலை கொடுக்கும்படி வைத்தியரிடம் துண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

காசு கொடுத்து வாங்குகிற நப்கின் கட்டுப்படியாகாது என்றால், பழைய மெல்லிய பருத்திச் சாரத்தை நாலாக மடித்து வைக்கலாம். நனைந்ததும் மாற்ற வேண்டும். மாற்றும்போது வெறும் தண்ணீரில் கழுவி ஈரம் ஒற்றி எடுங்கள், இல்லாவிட்டால் தொடை இடுக்கு வெந்துவிடும். மழைக் காலத்தில் துணி காயாது, ஆகையால் துண்டுகள் கூடுதலாக இருக்கட்டும், அடுப்படிக் கொடியில் காயப் போடுங்கள். ராத்திரியில் வெளிக் கக்கூசுக்குப் படியிறங்கி ஓடி விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வதை விட, கட்டிலுக்கடியில் மூடியுள்ள ஒரு வாளி வைப்பது மேல். காம்பிராவில் ஒரு மூலைக்குச் சேலைத் திரை கட்டிக் கொடுங்கள். இதற்குச் செலவில்லை.

ஒரு வருடம் பயிற்சி செய்தும் துணி துணியாக நனைகிறது என்றால் அதற்கும் வழி இருக்கிறது. குழாய்க்கடியில் நாடா போல ஒரு தாங்கியை வைக்கிற ஒப்பரேசன் உண்டு. 1970களின் தொடக்கத்திலிருந்து செயற்கை வால்வும் வந்திருக்கிறது. விதைப்பைக்குள் வைக்கிற சிறு பம்பை அமுக்கினால் திறக்கும், பிறகு தானாக மூடிக்கொள்ளும். கருவி விலை கூடியது, எல்லா இடத்திலும் செய்யவும் மாட்டார்கள். ஆனால் இருக்கிறது என்று தெரிந்து, கிளினிக்கில் வாய் திறந்து கேட்க வேண்டும்.

தவணை வரும்வரை காத்திருக்கக் கூடாத சில அடையாளங்கள் இருக்கின்றன. சிறுநீர் அடியோடு நின்று அடிவயிறு உப்பி வலித்தால், காய்ச்சலும் நடுக்கமும் வந்தால், கட்டி கட்டியாக இரத்தம் போனால், காலில் பலமில்லாமல் போய் மலமும் அடங்காமல் போனால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ராத்திரியானாலும் தோட்டத்து வாகனத்தைக் கேளுங்கள்.

கிளினிக்குக்குப் போக முன் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். மொழிப் பிரச்சினையால் பலருடைய வருத்தம் வைத்தியருக்குப் போய்ச் சேருவதில்லை. வைத்தியர் சிங்களத்தில் கேட்கிறார், கூடப் போன பேத்தி தமிழில் கேட்கிறாள், பேத்தி முன்னால் தாத்தா "ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிடுகிறார். சிங்களத்தில் 'முத்ரா' என்றாலும் மூத்திரம்தான், அந்த ஒரு சொல்லைத் தெரிந்து வைத்திருங்கள். அதோடு தவணைக்கு முந்திய மூன்று நாளைக்கு, ஒரு கொப்பித் தாளில் கோடு போட்டு, எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தார், எத்தனை மணிக்கு ஒண்ணுக்குப் போனார், எப்போது கசிந்தது, அப்போது இருமினாரா, எழும்பினாரா, அவசரமா, எத்தனை துணி மாற்றினார் என்று எழுதுங்கள். எழுதத் தெரியாதவருக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதிக் கொடுக்கலாம், அல்லது எங்களிடம் வாருங்கள். ஒப்பரேசன் செய்த ஆஸ்பத்திரியில் தந்த கடுதாசியையும் சேர்த்து வையுங்கள். அந்தத் தாளைப் பெரியவரே தன் கையால் வைத்தியரிடம் நீட்டட்டும். எந்த வகைக் கசிவு என்று வைத்தியர் சொன்ன பிறகு, "பயிற்சி காட்டித் தர இயன்மருத்துவரிடம் அனுப்புவீங்களா?" என்று கேளுங்கள். கரண்ட் வேண்டுமா வேண்டாமா என்பதை அங்கே பார்த்துச் சொல்வார்கள்.